சர்க்கரை குறைந்த நீரில் ஒரு மணி நேரம்

ஜெபசீலி டைமரில் அறுபது நிமிடம் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்கால். பல்கலைக்கழகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், அந்த நீளமான ஆய்வுக்கூடத்தில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. குளிர்பெட்டிகள் மட்டும் ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று என்று முறை வைத்து உறுமிக்கொண்டிருந்தன. கையுறையைக் கழற்றிப் போட்டாள். விரல் நுனிகள் வியர்வையில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன, முப்பத்தொன்பது வயது விரல்களாகத் தெரியவில்லை. இன்குபேட்டரின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், உடம்புச் சூட்டில், ஆறு குழி வைத்த பிளேட்டில் ரவையைத் தூவினாற்போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் கிடந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஆயிரம் செல் சேர்ந்த உருண்டை. குமாரபாளையத்தில் ஒரு பெண் குழந்தையின் கையிலிருந்து எடுத்த ரத்தம்தான் அத்தனைக்கும் மூலம். அந்த ரத்தத்துச் செல்லைப் பின்னோக்கி நடத்தி, கருவின் முதல் வாரத்தில் இருப்பது போல ஒன்றும் அறியாத செல்லாக்கி, மறுபடி முன்னோக்கி நடத்தி, குடலா ஈரலா நுரையீரலா என்று அது திகைத்து நிற்கிற ஒவ்வொரு முனையிலும் கணையத்தின் பக்கம் திருப்பிவிட்டு, முப்பது நாளில் இன்சுலின் சுரக்கிற செல்லாக ஆக்கியிருந்தாள். ஆக்கினோம் என்றுதான் கட்டுரையில் எழுதியிருக்கிறது. ஆக்கினோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஊட்டநீர் மாற்றியது அவள் ஒருத்தி. இன்றைக்கு அதற்குப் பரீட்சை. முதலில் சர்க்கரை குறைந்த நீரில் ஒரு மணி நேரம் பட்டினி. அப்புறம் சர்க்கரை கூடின நீர். நிஜமான கணையச் செல் என்றால் சர்க்கரை வந்ததைத் தானே கண்டுகொண்டு இன்சுலினை விடும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக மூன்று வருடம். ஆனால் இந்தப் பரீட்சையில் தேறினாலும் ஒன்றுதான், தேறாவிட்டாலும் ஒன்றுதான் என்பது வெள்ளிக்கிழமை மாலை நாலு பத்திலிருந்து இந்தக் கட்டடத்தில் அவளுக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் ஏன் வந்தாள், ஏன் உருண்டைகளைக் கழுவினாள், ஏன் டைமர் வைத்தாள்? ஞாயிற்றுக்கிழமை, வேறு எங்கே போவது.

செய்ய ஒன்றும் இல்லாத ஒரு மணி நேரம். இந்த மாதிரி மணி நேரங்களில் மற்ற நாளாக இருந்தால் குழாய்களுக்கு எண் ஒட்டுவாள், மேசையை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாள். இரண்டையும் ஏற்கெனவே செய்தாகிவிட்டது. மேசையை இரண்டு தரம் துடைத்தாகிவிட்டது. போன் கோட்டுப் பையில் கனத்தது. அதற்குள் அந்த மெயில். பார்க்க வேண்டியதில்லை, வரி வரியாக மனப்பாடம். கட்டுரையை வெளியிடுகிற பத்திரிகையில் கேட்டார்கள், செல்களின் குரோமோசோம்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு சோதனை செய்து அனுப்புங்கள் என்று. சம்பிரதாயத்துக்குக் கேட்கிறார்கள் என்று பேராசிரியர் குலசேகரன் சொன்னார், அனுப்பிவிடுங்கள் ஜெபசீலி என்றார், அவளும் அப்படித்தான் நினைத்து வெளியே ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். பதில் வந்தது: இருபதாவது குரோமோசோமில் ஒரு துண்டு கூடுதல். அவ்வளவுதான், ஒரு துண்டு. அந்தத் துண்டில் செல்லைச் சாகவிடாமல் பிடித்து நிறுத்துகிற ஒரு ஜீன் இருக்கிறது. அது ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் செல் எளிதில் சாகாது, மற்றவற்றைவிட வேகமாகப் பெருகும், புற்று ஆகிற வழியில் ஒரு காலடி எடுத்து வைத்த செல் அது. மனித உடம்பில் வைக்கக்கூடாது. அதைக்கொண்டு கண்டுபிடித்த எதையும் நம்பக்கூடாது. இரண்டு வருடத்துப் படங்கள், அட்டவணைகள், மூன்றாம் படத்தில் பச்சையாய் ஒளிர்கிற இன்சுலின், அதை எடுத்த அன்று அவள் இருட்டறையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எல்லாம் அந்தத் துண்டோடு சேர்ந்தது. படித்தாள். மூடினாள். மறுபடி திறந்து, வேறு யாருடைய மாதிரியையாவது மாற்றிப் பார்த்துவிட்டார்களோ என்று எண்ணைச் சரிபார்த்தாள். எண் சரியாக இருந்தது. நேற்று பெங்களூரிலிருந்து பேராசிரியர் கேட்டிருந்தார், ரிப்போர்ட் வந்துச்சா என்று. செவ்வாய்க்கிழமை அங்கே ஒரு குழுவின் முன்னால் அவர் இந்த வேலையைக் காட்டப் போகிறார், அடுத்த ஐந்து வருடத்துக்கு ஆய்வுக்கூடம் நடக்குமா என்பது அதில் இருக்கிறது, மார்ச்சில் முடிகிற அவளுடைய நியமனமும் அதில்தான் இருக்கிறது. இன்னும் வரல சார் என்று எழுதினாள். மூன்றே சொல். கை தானாக எழுதியது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கை தானாக எழுதவில்லை, சார் என்பதை ஒரு தரம் தப்பாக அடித்து, அழித்து, சரியாக அடித்தாள், அதற்குள் மனசை மாற்றிக்கொள்ள நேரம் இருந்தது. இன்னும் வரல சார். பதிலுக்கு அவர் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டிருந்தார்.

எப்போது வந்திருக்கும் அந்தத் துண்டு என்று அவள் வெள்ளிக்கிழமையிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள், தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தே. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜூலையில், ஒரு திங்கட்கிழமை. அதுவரைக்கும் அந்தச் செல்கள் சவலைப் பிள்ளைகள். ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் பிரித்து வைக்கிற ஒவ்வொரு தரமும் பாதிக்கு மேல் செத்து மிதக்கும். அந்தத் திங்கட்கிழமை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் மிதக்கிறது ஒன்றுமே இல்லை. அத்தனையும் தட்டில் ஒட்டிப் பிடித்து, ஓரம் கூர்மையாக, நடுவில் பளபளவென்று. அவளுக்கு அழுகை வந்தது. கை பழகிவிட்டது, கடைசியில் எனக்குக் கை பழகிவிட்டது என்று நினைத்தாள். இல்லை. கை பழகவில்லை, குரோமோசோம் முறிந்து கூடிக்கொண்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் செய்ததெல்லாம் ஒன்றுதான்: தட்டைப் பார்த்து, எது அழகாக இருக்கிறதோ, எது வேகமாக வளர்கிறதோ, அதை ஊசி முனையால் கீறி எடுத்து அடுத்த தட்டுக்கு மாற்றுவாள், சோனியாக இருப்பதை விட்டுவிடுவாள். அப்படித்தான் எல்லோரும் செய்வது, அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். நல்லதாகப் பார்த்துப் பார்த்து எடுத்ததில்தான் கெட்டது மேலே வந்தது. விட்டுவிட்ட சோனிகள்தான் சரியானவை. குப்பையில் போன அந்தச் சோனிகளைச் செத்துப்போன மனிதர்களை எண்ணுவது போல எண்ணிக்கொண்டிருந்தாள், இது என்ன பைத்தியம் என்று எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். கீழே தூங்குமூஞ்சி மரத்து நிழலில் காவலாளியின் மோட்டார் சைக்கிள் மட்டும் நின்றது. அந்த ஜூலையில் சோதனை அனுப்பியிருக்க வேண்டும். பத்துத் தரம் பிரித்த பிறகு ஒரு சோதனை என்பது கணக்கு. ஆகஸ்டில் அனுப்பலாம் என்று நினைத்தாள், ஆகஸ்டில் செல்கள் அவ்வளவு நன்றாக இருந்தன, நன்றாக இருக்கும்போது யார் டாக்டரிடம் போவார்கள், செப்டம்பரில் அனுப்பலாம் என்று நினைத்தாள். பயமா அது? அப்போதே உள்ளுக்குள் தெரிந்திருந்ததா? நினைவைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், நூல் ஓரிடத்தில் முடிச்சு விழுந்து நின்றது, அங்கே அவளுக்குத் தெரிந்திருந்தது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை கணவன் சாமுக்கு போன் பண்ணினாள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அப்போது சாம் இருந்தான். வங்கியில் வேலை, நல்ல மனுஷன், குரல் உயராது. ரொம்ப சந்தோஷம் சீலி, அப்ப இந்த ஞாயிறாவது சர்ச்சுக்கு வருவியா என்று கேட்டான். அவள் என்ன சொன்னாள்? பார்க்கிறேன் என்றாள். அந்த ஞாயிறும் இங்கேதான் நின்றாள், இதே ஜன்னலில். செல்லுக்குக் கிழமை தெரியாது சாம், ஒரு நாள் ஊட்டநீர் மாற்றாவிட்டால் போய்விடும் என்று முதல் வருடம் அவனுக்கு விளக்கினாள், அவனும் தலையாட்டிக் கேட்டான். இரண்டாவது வருடம் விளக்கவில்லை. மூன்றாவது வருடம் அவன் கேட்கவில்லை. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழலாம், ஒரு தட்டு உடைந்திருந்தால்கூடப் போதும். அவனுக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. சாமான்களைக் கட்டும்போது, நீ எப்ப வர்ற என்று கேட்டான். கட்டுரை முடியட்டும் என்றாள். அவன் சணலை இறுக்கிக்கொண்டே, நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாத, உனக்கு யாராவது உன்னை நம்பி இருக்கணும், ஆனா உன்கூட இருக்கக்கூடாது என்றான். கோபம் வரவில்லை. அப்போது ஒன்றும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் பஸ்ஸில், கண்டக்டர் சில்லறை கேட்டு நீட்டிய கையைப் பார்த்தபடி இருக்கையில், அந்த வாக்கியம் வந்து உட்கார்ந்தது, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். ஆய்வுக்கூடத்தில் மாணவப் பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்வார்கள், அக்காவோட குழந்தைங்க இன்குபேட்டர்ல தூங்குது என்று. அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்காது. குழந்தை இல்லாததை அவள் இந்தப் பிளேட்டில் தேடவில்லை. அவளுக்குப் பிடித்தது வேறு. கணையம் கருவில் உண்டாகும்போது ஒரே உறுப்பாக உண்டாவதில்லை, குடலின் முன்பக்கம் ஒரு மொட்டு, பின்பக்கம் ஒரு மொட்டு, இரண்டும் தனித்தனியாகக் கிளம்புகின்றன, குடல் திரும்பும்போது முன்பக்கத்து மொட்டு சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கத்து மொட்டோடு ஒட்டிக்கொள்கிறது. கல்லூரியில் அதைப் படித்த அன்று அவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஹாஸ்டல் மொட்டைமாடிக்குப் போய் நின்றாள். அவ்வளவு சுற்றிப் போய்ச் சேர்கிறதே என்று. சிலருக்குச் சேராமலே இருந்துவிடும், அதுவும் பாடத்தில் இருந்தது, அப்படியும் அவர்கள் ஒன்றும் தெரியாமல் கிழவராகும்வரை வாழ்வார்கள்.

மணி பதினொன்று முப்பத்தைந்து ஆனதை அவள் சுவரைப் பார்க்காமலே அறிந்தாள், பை அதிர்ந்தது. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு இந்த நேரத்துக்கு வரும் அழைப்பு. வசந்தாமணி. ரத்தம் கொடுத்த குழந்தையின் அம்மா. கணவன் இல்லை, குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் சர்க்கரை நோய்ப் பிரிவில், ஒன்பது வயது மகளை மடியில் இருத்திக்கொண்டு, ஜெபசீலி நீட்டிய ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். படிவத்தில் இருந்தது, ஆராய்ச்சிக்கு மட்டும், கொடுத்தவருக்கு இதனால் நேரடிப் பலன் இல்லை என்று. ஜெபசீலி அதை வாசித்தும் காட்டினாள். புள்ள ரத்தத்துலயே புதுக் கணையம் பண்றீங்களாங்க என்று வசந்தாமணி கேட்டபோது, அந்த மாதிரிதான், ஆனா அதுக்கு ரொம்ப நாளாகும் என்றாள். அதில் பொய் என்று ஒரு சொல் இல்லை. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று படிவத்தின் பின்னால் தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள், அப்படிச் செய்யக்கூடாது, தானம் கொடுத்தவர்கள் எண்ணாகத்தான் இருக்க வேண்டும், பெயராக இருக்கக்கூடாது. எப்படியிருக்குதுங்க மேடம் என்று முதல் கேள்வி எப்போதும் ஒன்றேதான். நல்லா இருக்கு என்பாள் ஜெபசீலி. செல்லைச் சொல்கிறாளா தன்னைச் சொல்கிறாளா என்று அவளுக்கே தெரியாது. அதற்கப்புறம் வசந்தாமணி தறியில் நூல் அறுந்தது, மழை, மகள் வாங்கிய மார்க் எல்லாம் பேசுவாள், சாப்டீங்களா, என்ன கொழம்பு என்பாள். அந்த ஞாயிறுகளில் மட்டும் ஜெபசீலி காலையில் குழம்பு என்று ஒன்று வைப்பாள், கேட்டால் சொல்ல வேண்டுமே. இன்றைக்கு வைக்கவில்லை. எடுக்காமல் விட்டுவிடலாம். நின்றுபோகும். நின்றால் அடுத்து எப்போது. எடுத்தாள்.

"மேடம், வசந்தாமணி பேசறனுங்க. வேலையா இருக்கறீங்களா?"

"இல்ல, சொல்லுங்க."

"போன ஞாயித்துக்கிழமையே கூப்புடோணும்னு இருந்தனுங்க. புள்ளய ஆஸ்பத்திரில வெச்சிருந்தமுங்க." குரல் கம்மியிருந்தது. பின்னால் தறிச் சத்தம் இல்லை. "மூச்சு மூச்சா வாங்குனா. ஒரே வாந்தி. சக்கரை மீட்டர்ல நம்பரே வல்லீங்க, அவ்வளவு ஏறிப்போச்சு. ரெண்டு நாள் ட்ரிப்ஸ் போட்டு இப்பத்தான் எந்திரிச்சு ஒக்காந்திருக்கறா."

"ஊசி போடலையா?"

"அதத்தானுங்க சொல்ல வந்தேன். காலைலயும் ராத்திரியும் நான் நின்னு போட்டுருவேன். மத்தியானம் பள்ளிக்கூடத்துல அவளேதான் போடோணும். ஒரு மாசமாப் போடறதில்லீங்களாமா. பசங்க பாக்கறாங்கன்னு கூச்சம். டாக்டரு கேட்டா என்ன சொல்றா தெரியுங்களா? இன்னும் கொஞ்ச நாள்தான, சென்னை அக்கா புதுசு வெச்சு உட்ருவாங்க, அதுவரைக்கும் ஒரு வேளை போடாட்டி என்ன ஆகும்ங்கறா." வசந்தாமணி மூச்சு விட்டாள். "அதான் உங்களையே கேட்டுச் சொல்லிர்லாம்னு. இந்த வருசத்துக்குள்ள ஆயிருங்களா மேடம்? ஆகும்னா சொல்லுங்க, நான் பண்ணாரி அம்மனுக்குக் குண்டம் எறங்கறதா வேண்டிட்டிருக்கறேன்."

ஜெபசீலி இன்குபேட்டர் பக்கம் திரும்பியிருந்தாள். கதவில் சிவப்பு எழுத்தில் முப்பத்தேழு என்று எரிந்தது. மகள் ஒரு மாதமாக மத்தியான ஊசி போடவில்லை. ஒரு மாதமாக, பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில், ஊசிப் பெட்டியைத் திறக்காமலே மூடிப் பையில் வைக்கிற கை. அந்தக் கையை யார் பிடித்து மூடினது. நல்லா இருக்கு, நல்லா இருக்கு, ஐம்பது ஞாயிறு நல்லா இருக்கு. குண்டம் என்றால் தீ. அந்த அம்மாள் வெறுங்காலோடு நெருப்பில் இறங்குவாள், இந்த ரவைத் துகளுக்காக, இருபதாவதில் ஒரு துண்டு கூடிப்போன இந்தத் துகளுக்காக. சொல்லாமல் ஊசியை மட்டும் ஒழுங்காகப் போடச் சொல்லலாம், அதுவும் ஒரு வழி, இன்னும் சில வருசம் ஆகும்மா, அதுவரைக்கும் போடச் சொல்லுங்க என்றால் முடிந்தது, வசந்தாமணி சரிங்க என்பாள், அடுத்தடுத்த ஞாயிறும் போன் வரும். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. எவ்வளவு வாகாக வந்தது, இன்னும் வரல சார் மாதிரியே.

"ஆகாதும்மா," என்றாள்.

"இந்த வருசம் ஆகாதுங்களா?"

"எந்த வருசமும் ஆகாது. உங்க கனிஷ்காவுக்கு வைக்கறதுக்காக நாங்க இதைப் பண்ணல. எப்படி உண்டாகுதுன்னு படிக்கறதுக்குப் பண்றோம். அன்னைக்கே படிவத்துல இருந்துச்சு. நான் உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லல. அப்புறம் புரியலன்னு தெரிஞ்சும் சொல்லல." கண்ணாடிக் கதவில் கையை வைத்தாள். "அதுவும் போக, இப்ப வளத்த செல்லும் கெட்டுப்போச்சு. வெள்ளிக்கிழமைதான் தெரிஞ்சுது. எல்லாத்தையும் கொட்டிட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

மறுமுனையில் யாரோ பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது. 

"அப்பறம் எதுக்குங்க," என்றாள் வசந்தாமணி, மெதுவாகத்தான் கேட்டாள், "நான் கூப்புடறப்பல்லாம் நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னீங்க?"

எதற்கு. செல் நிஜமாகவே நன்றாக இருந்தது என்று சொல்லலாம். உங்கள் நம்பிக்கையைக் கெடுக்க மனசு வரவில்லை என்று சொல்லலாம், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், கேட்க அழகாகவும் இருக்கும். 

"நீங்க கூப்பிடறது எனக்குப் பிடிச்சிருந்துச்சும்மா. சொல்லிட்டா கூப்பிட மாட்டீங்கன்னு."

 போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏனுங்க," என்றது குரல். அதில் இரக்கம் இல்லை, கோபம்கூட அவ்வளவாக இல்லை, ஒரு பெரிய ஆச்சரியம்தான் இருந்தது. "உங்களுக்கு வேற ஆருமே இல்லீங்களா?"

அந்தக் கேள்விக்கு அவள் வாயைத் திறந்தாள். சாமின் பெயர் வந்து நின்றது, நாகர்கோவிலில் இருக்கிற தங்கையின் பெயர் வந்து நின்றது, எதுவும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. வசந்தாமணி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அவகிட்ட நீங்களே சொல்லிருங்க. நாஞ்சொன்னா ஊசி போட வைக்கறதுக்குப் பொய் சொல்றேம்பா," என்றாள். போன் கை மாறிற்று. கட்டில் கிறீச்சிட்டது. ஜெபசீலி மூன்று வருடமாகத் தினமும் அந்தக் குழந்தையின் செல்லைப் பார்க்கிறாள், குரலைக் கேட்டதில்லை.

"அக்கா." மூக்கடைத்த, சன்னமான குரல். "அம்மா சொன்னதெல்லாம் கேட்டேன், ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அப்ப வைக்க மாட்டீங்களா?"

"மாட்டோம் கனிஷ்கா."

"கெட்டுப்போச்சுன்னீங்களே. என்னோடதா கெட்டுப்போச்சு?"

ஜெபசீலி ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். "உன்னோடது இல்ல. உன் ரத்தம் நல்லாத்தான் இருந்துச்சு. என்கிட்ட வளந்ததுல கெட்டுது. நான் கவனிச்சிருக்கணும், கவனிக்கல."

குழந்தை அதை யோசித்தது. யோசிப்பது மூச்சில் கேட்டது. "அப்ப எப்பதான் வரும்?"

"எனக்குத் தெரியாது. பெரிய ஊருங்கள்ல சில பேருக்கு வெச்சுப் பாத்துட்டிருக்காங்க. உனக்குன்னு எப்ப வரும்னு யாராலயும் தேதி சொல்ல முடியாது. சொன்னா நம்பாத. அதுவரைக்கும் மூணு வேளையும் ஊசிதான். மத்தியானமும். யார் பாத்தாலும்."

டைமர் கத்தத் தொடங்கியது. பட்டினி நேரம் முடிந்துவிட்டது, சர்க்கரை நீரை ஊற்ற வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தாலும் பரீட்சை செல்லாது. அவள் எழுந்து போகவில்லை. அது கத்திக்கொண்டேயிருந்தது. அதென்ன சத்தம் என்று குழந்தை கேட்டாள், ஒண்ணுமில்ல என்றாள் இவள். சரி என்றாள் குழந்தை. வைக்கட்டுமா என்று கேட்கவில்லை, அம்மாவிடம் கொடுக்கவும் இல்லை, சரி என்பதோடு இணைப்பு போனது. ஜெபசீலி எழுந்து டைமரை அணைத்தாள். கூடம் பழையபடி உறுமலுக்குத் திரும்பியது.  இனி அந்த நேரம் போன் வராது. அதை அவள் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்வது போலக் குறித்துக்கொண்டாள். அப்புறம், நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து, நின்றபடியே பேராசிரியரைக் கூப்பிட்டாள்.

குலசேகரன் உடனே எடுத்தார். எங்கோ சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார், பின்னால் கரண்டிச் சத்தம். அவள் ஒரே மூச்சில் சொன்னாள்: ரிப்போர்ட் வெள்ளிக்கிழமையே வந்தது, இருபதாவது குரோமோசோம், கூடுதல் துண்டு, நேற்று வரவில்லை என்றது பொய். சத்தம் குறைந்தது, அவர் எழுந்து வெளியே வந்துவிட்டார் போல.  அவர் கெட்டவர் இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு மேசையோடு இந்தக் கூடத்தை ஆரம்பித்தவர், தலை அதற்குள் முழுக்க நரைத்துவிட்டது.

"எந்த நிலையில வந்திருக்கும்னு தெரியுமா?"

"முப்பதாவது தரம் பிரிச்சப்ப இருக்கும் சார். அப்பவே சோதனைக்கு அனுப்பியிருக்கணும். என் தப்பு."

"பன்னண்டாவது தரம் பிரிச்சு உறைய வெச்ச குப்பிங்க?"

"மூணு இருக்கு. அதுங்க சரியா இருக்கலாம். எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். சரியா இருந்தாலும் ஒண்ணரை வருசம் ஆகும்."

 அப்புறம் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார், "வேற யாருக்குத் தெரியும் ஜெபசீலி?"

ஏன் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது, கேட்ட பிறகு அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். அந்தச் சோதனைக்கூடத்துக்கு இது ஆயிரத்தில் ஒரு மாதிரி. இருவர் பேசாமல் இருந்தால் போதும், பாவமாகக்கூடத் தோன்றாது, குழு முடியட்டும், அப்புறம் சரிசெய்துகொள்ளலாம்.

"கனிஷ்காவுக்குத் தெரியும் சார்."

"யாரு கனிஷ்கா?"

அவருக்குத் தெரியாதுதான். அவருக்கு அது கே பி ஏழு என்ற எண், அத்தனை படத்திலும் கே பி ஏழு. "ரத்தம் குடுத்த பொண்ணு," என்றாள். "பன்னண்டு வயசு. ஏழாவது படிக்கறா. நம்மளை நம்பிட்டு மத்தியான ஊசிய ஒரு மாசமா விட்டிருக்கா, ஆஸ்பத்திரில வெச்சிருந்தாங்க. அவகிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் இப்பதான் சொன்னேன். எல்லாத்தையும்."

தூரத்தில் பெங்களூர்ச் சாலையில் ஒரு பஸ் ஹாரன் நீளமாக அடித்து ஓய்ந்தது. "சொல்லிட்டீங்க," என்றார் அவர். கேள்வி இல்லை. பிறகு வறண்ட குரலில், "செவ்வாய்க்கிழமை நான் அந்தப் பகுதியை எடுத்துடறேன். பத்திரிகைக்கு நீங்களே எழுதுங்க, எனக்கு ஒரு காப்பி வையுங்க. நாளைக்கு ராத்திரி கூப்பிடறேன்," என்றார். நன்றி என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. மார்ச்சைப் பற்றி அவளும் கேட்கவில்லை.

அவள் கையுறை மாட்டினாள். இன்குபேட்டரைத் திறந்ததும் வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. பிளேட்டை எடுத்துக் கடைசியாக ஒரு தரம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். உருண்டைகள் ஒரு குறையும் இல்லாமல், ஓரம் மழுங்காமல், அவ்வளவு அழகாக இருந்தன. கண்ணை எடுத்தாள். ஒவ்வொரு குழியிலும் ப்ளீச்சை ஊற்றினாள். வெள்ளைப் புள்ளிகள் நூல் நூலாகக் கலைந்தன. மற்றத் தட்டுகள் பதினொன்றையும் அப்படியே வரிசையாக எடுத்து வைத்து ஊற்றினாள், ப்ளீச் நெடியில் கண் எரிந்தது, அதை மட்டும் துடைத்துக்கொண்டாள். நோட்டில் தேதி போட்டு, எல்லாம் அழிக்கப்பட்டன, காரணம் என்று எழுதிக் காரணத்தையும் எழுதினாள். பத்திரிகைக்கு நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. அனுப்பிவிட்டுத் தட்டுகளைக் கழுவுதொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போது, மணி ஒன்று ஐம்பதுக்கு, போன் ஒரு தரம் துடித்து நின்றது. வசந்தாமணியின் நம்பரிலிருந்து ஒரு வரி.

மத்தியானம் போட்டாச்சு. 8 யூனிட்.

அம்மாவா மகளா, யார் அனுப்பியது என்று அதில் இல்லை. ஈரக் கையுறையோடு அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், திரை தானாக அணையும்வரை.